நம்பிக்கை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

"இன்னும் கொஞ்சம் நம்பிக்கை வரட்டும், அப்புறம் பார்க்கலாம்." நானும் பல வருடம் இதைச் சொல்லித் தள்ளிப்போட்டவன்தான். தன்மேல் சந்தேகம் உள்ளவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான் என்பேன்.

'என்னால் முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் நான்கு வழிகளைச் சொன்னார்: நாமே செய்து பார்ப்பது, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், அந்த நேரத்து உடல், மன நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. செய்த பிறகு வரவேண்டியதை நாம் முன்பணமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதற்காக எடுத்த எடுப்பில் மேடையேற வேண்டாம். கூட்டத்தில் பேசப் பயமா? ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். குரல் நடுங்கினாலும் கேட்டது கேட்டதுதான். அடுத்த கூட்டத்தில் ஒரு கருத்து சொல்லலாம். நடுக்கம் நின்ற பிறகு பேசுவது என்று வைத்துக்கொண்டால் அந்த நாள் வரவே வராது.

அடுத்தது, கண்ணாடி முன் நின்று தன்னைத்தானே புகழ்வது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2009-ல் வெளியான உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினரின் ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்கள் 'நான் அன்புக்குரியவன்' என்ற பொருளில் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அப்படிச் சொல்லாதவர்களைவிட அவர்கள் மனநிலை மோசமானது. நம்பாத ஒன்றைச் சொன்னால் 'பொய்' என்று உள்ளிருந்தே பதில் வரும்போல. 'போன வாரம் அந்த வேலையைச் சொன்ன நாளில் முடித்தேன்' என்று சொல்லிப் பாருங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் மறுக்க முடியாது.

தேர்வுக்கு முந்தைய நாள் வேண்டுமென்றே படிக்காமல் இருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். தோற்றால் "படிக்கவே இல்லையே" என்று சொல்லிக்கொள்ளலாம், திறமைமேல் பழி வராது. தனக்குத் தானே முட்டுக்கட்டை போட்டுக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை பெர்க்லாஸ், ஜோன்ஸ் என்ற இருவர் 1978-லேயே ஆராய்ந்திருக்கிறார்கள். தப்பிக்க வசதியான வழிதான். ஆனால் முழுமூச்சாக முயன்றால் எதுவரை போயிருப்போம் என்பது கடைசிவரை தெரியாமலே போகும்.

ஜெயித்தால் அதிர்ஷ்டம், தோற்றால் நான் என்று கணக்கு எழுதுவதும் நம்மை நாமே பின்னுக்கு இழுப்பதுதான்.

சந்தேகம் எல்லாமே பொய் என்றும் நினைக்க வேண்டாம். 'எனக்கு இது தெரியாது' என்பது சில சமயம் வெறும் உண்மை, கற்றுக்கொண்டால் தீர்ந்துவிடும். ஆனால் தூக்கமும் சாப்பாடும் கெடும் அளவுக்கு மனம் உங்களையே குத்திக்கொண்டிருந்தால், தனியாகப் போராடாமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.