பிழை நாணயமா, அடிபட்ட நாணயமா?

மூர் மார்க்கெட் பக்கம் பழைய நாணயம் தேடிப் போகிறீர்களா? பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். பேரம் பேசுவது அதற்குப் பிறகுதான்.

நாணயம் அச்சடிக்கும் அக்கசாலையில் நேர்ந்த தவறுக்குத்தான் மதிப்பு. சுத்தியலில் நசுங்கியது, அரத்தால் தேய்த்தது எல்லாம் வெறும் சேதம். ஓரத்தில் பிறை போல வெட்டு இருந்தால், நேரெதிர் விளிம்பைப் பாருங்கள். உண்மையான பிழையில் அந்த இடத்து விளிம்பும் பெரும்பாலும் மங்கியிருக்கும். பின்னால் வெட்டிப் போலி செய்தவருக்கு இது தெரிவதில்லை! ஒரு பக்கத்து அச்சு மற்றதிலிருந்து சுழன்றதா என்று அறிய, சிங்கத்தலை நிமிர்ந்திருக்கும்படி பிடித்து, புத்தகப் பக்கம் போல இடவலமாகத் திருப்புங்கள். நம் ரூபாய் நாணயங்களில் பின்பக்கமும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். நன்றாகச் சாய்ந்திருந்தால் எடுத்து வையுங்கள். சில டிகிரி சாய்வுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஆண்டின் கீழே அக்கசாலைக் குறி இல்லாதது பிழையல்ல, கொல்கத்தா அச்சு. ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. ரூபாய்ச் சின்னம் இல்லாத பத்து ரூபாயும் பிழையல்ல, பழைய வடிவம்.

விலைக்கு, விற்பவர் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, ஏலங்களில் உண்மையில் விற்ற தொகையைப் பாருங்கள். ஆண்டு தெளிவாகத் தெரியும்படி அச்சு மையம் விலகி விழுந்த நாணயத்துக்கு மவுசு அதிகம். புளி போட்டுத் துலக்கினால் போச்சு! “பழைய நாணயத்துக்கு லட்சங்கள், முதலில் கமிஷன் கட்டுங்கள்” என்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021-லேயே எச்சரித்திருக்கிறது.