சைலன்சரில் ஒடுக்கு எடுக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

பித்தளைக் குடம் கீழே விழுந்து நசுங்கினால் ஒடுக்கு எடுக்கிறவர் அதை எப்படிச் சரிசெய்வார் என்று பார்த்திருப்பீர்கள். குடத்துக்குள் ஓர் இரும்புக் கட்டையை முட்டாகக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து மரச்சுத்தியால் தட்டுவார். பள்ளத்தின் நடுவில் அடிக்கவே மாட்டார். ஓரத்தில் எழும்பி நிற்கும் வரப்பில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்.

மோட்டார் சைக்கிள் சைலன்சரில் விழுவதும் அதே ஒடுக்குதான். ஆனால் இங்கே உள்ளே கை போகாது. எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வரும் வளைந்த பெண்ட் பைப்புக்குள் முட்டும் போகாது, சுத்தியலும் போகாது. வீட்டிலேயே ஒடுக்கு எடுக்கச் சொல்லித் தரப்படும் வித்தைகள் எல்லாம் இந்த ஒரு தடையிலிருந்து பிறந்தவை. கைக்குப் பதிலாகத் தண்ணீரை, ஐஸை, காற்றை, இரும்புக் குண்டை உள்ளே அனுப்பச் சொல்வார்கள். அல்லது வெளியே கம்பியைப் பற்றவைத்து இழுக்கச் சொல்வார்கள். இவற்றில் சில வேலை செய்யும். சில கண்ணையும் கையையும் பறித்துவிடும், உயிரையும்கூட.

என்னிடம் இருப்பது யமஹா ஆர்.எக்ஸ்.100. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான 98 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி. அதன் பழைய ஒரிஜினல் சைலன்சர் நசுங்கிவிட்டால் தூக்கிப்போட மனம் வராது. அதே தரத்தில் இன்னொன்று கிடைப்பது அவ்வளவு கடினம். அதனால்தான் இந்த வேலையில் எங்கே தப்பு நடக்கிறது என்று நின்று நிதானமாகப் பார்க்கப் பழகினேன்.

அளந்து பார்க்காமல் இறங்குவது

எல்லா ஒடுக்கையும் எடுத்தாக வேண்டும் என்பதில்லை. உள்விட்டம் 38 மி.மீ. உள்ள குழாய் 5 மி.மீ. ஆழத்துக்குத் தட்டையாக அமுங்கினால், புகை போகும் வழியில் குறைவது ஏறக்குறைய 8 சதவீதம்தான். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் இதை ஓட்டுகிறவர் உணரவே மாட்டார். 10 மி.மீ. அமுங்கினால் 21 சதவீதம் குறைந்துவிடும். அப்போது யோசிக்கத்தான் வேண்டும்.

டூ ஸ்ட்ரோக்கின் கணக்கே வேறு. அதில் சைலன்சரின் வடிவமும் எஞ்சினின் ஒரு பாகம் மாதிரி. சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் வாயான போர்ட்டிலிருந்து கிளம்பும் அழுத்த அலை சைலன்சரின் உள் கூம்புகளில் மோதித் திரும்பி வந்து, வெளியே நழுவப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. போர்ட்டை ஒட்டிய முதல் பகுதி நசுங்கினால் இழுவையில் வித்தியாசம் தெரியும். வயிற்றுப் பகுதியில் விழுந்த உள்ளங்கை அகலப் பள்ளம் கண்ணை உறுத்துமே தவிர, பெரும்பாலும் ஓட்டத்தைக் கெடுக்காது.

பள்ளத்தின் வடிவத்தையும் பாருங்கள். கிண்ணம் போல் வழவழப்பாக இருந்தால் வெளியே வரும். கல்லின் விளிம்பு பட்டு மடிந்த கூர்மையான மடிப்பாக இருந்தால், அங்கே தகடு ஏற்கெனவே நீண்டு மெலிந்திருக்கும். எவ்வளவு முயன்றாலும் அது முழுதாக மறையாது. விரிசலோ துருவோ சேர்ந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு பற்றவைப்பதுதான் வழி.

பிஎஸ்-6 வண்டி என்பதை மறப்பது

2020 ஏப்ரல் 1க்குப் பிறகு விற்கப்பட்ட பிஎஸ்-6 (புகை மாசு விதி) வண்டிகளின் புகைக்குழாய் வெறும் குழாய் அல்ல. உள்ளே புகையின் நச்சைக் குறைக்கும், தேன்கூடு போன்ற வினையூக்கி மாற்றி இருக்கிறது, பெண்ட் பைப்பிலேயே ஆக்ஸிஜன் சென்சாரும் இருக்கும். சுத்தியல் அடியில் தேன்கூடு நொறுங்கினால், துண்டுகள் போய்ப் புகை வழியையே அடைத்துக்கொள்ளும். தண்ணீர் நிரப்புவது, ஐஸ் வைப்பது, ரசாயனம் ஊற்றுவது எதுவும் இதற்கு ஆகாது. இப்படிப்பட்ட வண்டியில் ஒடுக்கு அந்தப் பகுதியில் விழுந்திருந்தால் வீட்டில் கை வைக்க வேண்டாம். சென்சாருக்கு முன்னால் உள்ள வெறும் குழாயில்தான் என்றாலும், சென்சாரைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும்.

வண்டியில் வைத்தபடியே தட்டுவது

வண்டியிலேயே வைத்துத் தட்டினால், அடி முழுவதும் குழாயை எஞ்சினோடு பிடித்திருக்கும் மரைக் கம்பியான ஸ்டட்டுக்குப் போகும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அது சிலிண்டர் ஹெட்டில் இருக்கும், டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டரில். ஹெட் அலுமினியம். அதில் மரை கழன்றால் சைலன்சர் ஒடுக்கைவிடப் பெரிய செலவு. ஆகவே கழற்றித்தான் தட்ட வேண்டும். அதற்காகத் துருப்பிடித்த நட்டை ஒரே மூச்சில் திருப்பவும் கூடாது. முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னுமாக எடுங்கள்.

வண்டியில் வைத்தே வெல்டிங் வைப்பது இன்னும் மோசம். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் ஆர்க் அடித்தால் வண்டியின் மின்னணுப் பெட்டி கெட்டுவிடக் கூடும்.

உள்ளே இருக்கும் எண்ணெய்க் கரியை விட்டுவிடுவது

டூ ஸ்ட்ரோக்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. பல வருஷம் ஓடிய சைலன்சருக்குள் எரியாத எண்ணெயும் கரியும் தார் மாதிரி ஒட்டிக் கிடக்கும். வெளியே காஸ் சுடரைக் காட்டினால் உள்ளே அது ஆவியாகும், காற்றோடு கலக்கும், பற்றிக்கொள்ளும். இதைச் சுத்தம் செய்ய உள்ளே பெட்ரோலை ஊற்றிக் குலுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தச் சைலன்சருக்குப் பக்கத்தில் சுடரோ வெல்டிங்கோ வரவே கூடாது. பெட்ரோல் வடிந்துவிட்டது என்று கண் சொல்லும், ஆவி உள்ளேயே நிற்கும்.

காஸ்டிக் சோடாக் கரைசல் கரியை நன்றாக எடுக்கும். ஆனால் சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும்; சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினிய வாளியில் கரைக்கக் கூடாது, அலுமினிய மூடியுள்ள சைலன்சரிலும் ஊற்றக் கூடாது. அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜனை வெளியே விடும், அதுவும் எரியும் வாயு. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போடாமல் இந்த வேலையைத் தொட வேண்டாம். குழந்தைகள் உள்ள வீட்டில் கரைசலை ஒரு நிமிடம்கூடத் தனியே விட்டுப் போக வேண்டாம்.

இரண்டு முனையையும் அடைத்துச் சூடுபடுத்துவது

ஒன்றே ஒன்றைத்தான் இந்தக் கட்டுரையிலிருந்து நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

வித்தை இதுதான்: சைலன்சரின் ஒரு முனையை அடைத்து, மறு முனையில் காற்றுக் குழாயைப் பொருத்தி, ஒடுக்கு உள்ள இடத்தைச் சிவக்கச் சூடுபடுத்தினால் பள்ளம் தானாக வெளியே வரும். உண்மைதான், வரும். 600 டிகிரி செல்சியஸில் சாதா இரும்பின் பலம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது, அதனால் சிறிய அழுத்தமே போதும். பட்டறையில் தெரிந்தவர்கள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வைத்து ஒன்றிரண்டு பார் (அழுத்தத்தின் அளவு) காற்றிலேயே இதை முடிப்பார்கள். வீட்டில் ரெகுலேட்டர் இருப்பதில்லை. பஞ்சர் கடைக் கம்ப்ரசரை நேராகச் செருகிவிடுகிறார்கள்.

அந்தக் கம்ப்ரசரில் 8 பார் இருந்தால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 38 மி.மீ. வாயை அடைத்திருக்கும் கட்டையை அது 90 கிலோ விசையோடு வெளியே தள்ளும். சைலன்சரின் பின்பக்கம் 90 மி.மீ. விட்டம் என்றால் அங்கே 500 கிலோவுக்கு மேல். அந்த மூடி பழைய வெல்டிங்கில் நிற்கிறது, உள்ளிருந்து எவ்வளவு துரு தின்றிருக்கிறதோ யாருக்கும் தெரியாது. அது பிய்ந்தால் நேர் எதிரே உட்கார்ந்து சுடர் காட்டிக்கொண்டிருப்பவர் நீங்கள்தான். பிய்யாவிட்டாலும், சிவந்த இடம் குமிழாகி ஓட்டை விழுந்தால் எண்ணெய்ப் புகையும் நெருப்பும் அந்த வழியாகத்தான் பீய்ச்சும்.

இதைவிடக் கொடியது, உள்ளே கொஞ்சம் தண்ணீரை விட்டு இருபுறமும் அடைத்துச் சூடுபடுத்தி, ஆவியே தள்ளட்டும் என்று காத்திருப்பது. தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும். குக்கருக்கு வெயிட்டும் சேஃப்டி வால்வும் இருக்கின்றன. சைலன்சருக்கு எதுவும் இல்லை. நீங்கள் செய்து வைத்திருப்பது ஒரு வெடிகுண்டு. இதைச் செய்யாதீர்கள். யாராவது செய்யப் போனால் தடுங்கள்.

ஐஸ் என்றால் ஆபத்தில்லை என்று நம்புவது

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. குழாயில் தண்ணீர் நிரப்பி அடைத்து ஃப்ரீசரில் வைத்தால் ஒடுக்கு வெளியே வரும் என்பதற்கு அடிப்படை அதுதான். வழவழப்பான சிறு பள்ளம் ஓரளவு எழும்பவும் கூடும். ஆனால் எங்கே தள்ள வேண்டும் என்று ஐஸிடம் சொல்ல முடியாது. எந்த இடம் பலவீனமோ அங்கே தள்ளும். பழைய பைப்பில் பலவீனமான இடம் ஒடுக்கா, நீளவாக்குத் தையலா என்பது பிளந்த பிறகுதான் தெரியும். உறைந்த பைப்பைச் சீக்கிரம் உருக்கச் சுடரைக் காட்டுவது அடுத்த தவறு. இரு முனையும் அடைபட்டிருந்தால் முன்பு சொன்ன ஆவி கதைதான்.

ஹேர் டிரையரால் சூடாக்கி, குளிர் ஸ்பிரே அடித்தால் டக்கென்று வெளியே வரும் என்பதில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். வளைந்த தடிமனான குழாய்க்கு அது பொருந்தாது.

அழுத்தம்தான் கொடுக்க வேண்டும் என்றால் தண்ணீரைக் கை பம்பில் ஏற்றுவது காற்றைவிட நல்லது. தண்ணீர் சுருங்காது, ஆகவே எங்காவது பிளந்தால் அழுத்தம் உடனே இறங்கிவிடும். ஆனால் உள்ளே காற்றுக் குமிழ் மிஞ்சினால் அந்தப் பாதுகாப்பு போச்சு. குழாயை நிமிர்த்தி, காற்று முழுக்க வெளியேறும்வரை நிரப்ப வேண்டும். மரக்கட்டை அடைப்பும் ரப்பர் அடைப்பும் கூடவே கூடாது. போல்ட்டால் பிடித்த தட்டு வேண்டும். இது வெறும் பெண்ட் பைப்புக்கு மட்டும்தான். அழுத்தம் எதையும் உருண்டையாக்கப் பார்க்கும். நீள்வட்ட சைலன்சரில் இதைச் செய்தால் ஒடுக்கு போகும், கூடவே சைலன்சரின் உருவமும் போகும்.

பெரிய குண்டில் தொடங்குவது

நேரான குழாய்க்கும் அகல வளைவுக்கும் இரும்புக் குண்டு நல்ல முறை. கிரீஸ் தடவி உள்ளே விட்டு, பின்னாலிருந்து தள்ள வேண்டும். ஒடுக்கின் இடுக்கில் அப்போதே சற்று இறுக்கமாகப் போகும் அளவில் தொடங்கி, அரை அரை மில்லிமீட்டராக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே முழு அளவுக் குண்டை அடித்தால் வளைவில் சிக்கிக்கொள்ளும். பிறகு பைப்பை வெட்டித்தான் எடுக்க முடியும். பேரிங் குண்டை நேராகச் சுத்தியலால் அடிக்காதீர்கள். அது கடினமாக்கிய எஃகு, அடியில் சில்லு பறக்கும். நடுவில் ஒரு மென் இரும்புக் கம்பி வையுங்கள், கண்ணாடி போடுங்கள்.

நடுவைப் பிடித்து இழுப்பது

வெளியே கம்பியையோ வாஷரையோ பற்றவைத்து ஸ்லைடு ஹாமரால் (கம்பியில் சறுக்கும் எடையை அடித்து இழுக்கும் கருவி) இழுப்பதுதான், என் அனுபவத்தில், வீட்டில் ஓரளவு நம்பிச் செய்யக்கூடிய முறை. முனைகள் திறந்தே இருக்கின்றன, உள்ளே எதுவும் அடைபட்டுக் கிடப்பதில்லை.

ஆனால் எல்லாரும் பள்ளத்தின் ஆழமான நடுவில் கம்பியை வைத்து ஓங்கி இழுக்கிறார்கள். நடுவில் ஒரு முளை கிளம்பும், சுற்றிலும் பள்ளம் அப்படியே நிற்கும், அல்லது வெல்டிங் வைத்த இடம் வட்டமாகக் கிழிந்து வரும். குடத்துக்காரர் செய்வதை இங்கேயும் செய்ய வேண்டும். பள்ளத்தின் ஓரத்தை ஒட்டி முதல் புள்ளி, எதிர் ஓரத்தில் இரண்டாவது, அப்படியே உள்ளே. இழுத்துப் பிடித்திருக்கும்போதே வெளியே எழும்பிய வரப்பை மரச்சுத்தியால் மெல்லத் தட்டினால், தகடு போக இடம் கிடைத்துப் பள்ளம் தானே மேலே வரும். வரப்பு இறங்காமல் பள்ளம் ஏறாது. பத்து சின்ன இழுப்பு, ஒரு பெரிய இழுப்பைவிட நல்லது.

குரோம் மேலேயே வெல்டிங் வைக்காதீர்கள். குரோம் பூச்சு வெந்தால் வரும் புகை நுரையீரலுக்குப் பெரிய கேடு. அந்த இடத்தை முதலில் இரும்பு தெரியும்வரை தேய்த்தெடுக்க வேண்டும், முகமூடி போட்டுக்கொண்டு. அதனால் அந்த இடத்தில் குரோம் போய்விடும், திரும்ப வேண்டுமானால் பிளேட்டிங் பட்டறைக்குத்தான் கொடுக்க வேண்டும். இதைத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இழுப்பதற்கு ஜிஐ வாஷர் எடுப்பவர்களும் உண்டு. அதன் துத்தநாகப் பூச்சு எரிந்த புகையை இழுத்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். பூச்சில்லாத வாஷரைக் கேட்டு வாங்குங்கள்.

பட்டி போட்டு மறைப்பது

கார் பாடிக்குப் போடும் பட்டி, எபாக்ஸிப் பசை எதுவும் இந்தச் சூட்டில் நிற்காது. சில கிலோமீட்டரில் கருகி உதிரும். பெயின்ட் என்றால் சூடு தாங்கும் பெயின்டை இரும்பு தெரியும் பரப்பில் மெல்லிசாக அடித்து, டப்பாவில் எழுதியிருக்கிறபடி சூடேற்றி இறுக விட வேண்டும்.

பழைய கேஸ்கட்டையே மாட்டுவது

இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கட், கழற்றியது என்றால் ஏற்கெனவே நசுங்கி இறுகியது. புதிது போடுங்கள், விலை அதிகமில்லை. மாட்டும்போது எஞ்சின் பக்க நட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கி, பின்பக்கப் போல்ட்டையும் தளர்வாகப் போட்டு, சைலன்சர் தன் இடத்தில் தானாக உட்காரட்டும். பிறகு எஞ்சின் பக்க நட்டுகளை மாறி மாறி இறுக்கி, கடைசியில் பின்போல்ட்டை இறுக்க வேண்டும். முதலிலேயே பின்பக்கத்தை இறுக்கினால் குழாய் முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் பிராக்கெட்டில் விரிசல் விடும்.

முதல் ஸ்டார்ட்டை வாசலில், திறந்த வெளியில் போடுங்கள். மூடிய ஷெட்டில் வேண்டாம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மிச்சமிருந்த எண்ணெயும் தண்ணீரும் பத்து நிமிடம் வெள்ளையாகப் புகையும். அது நின்றதும் எஞ்சின் பக்க இணைப்பைச் சுற்றியும் இழுத்த இடத்தைச் சுற்றியும் பாருங்கள். கருப்பாகப் புகைத் தடம் தெரிந்தாலோ, ஆக்ஸிலேட்டரை விடும்போது பட் பட்டென்று வெடித்தாலோ எங்கோ ஒழுகுகிறது. எஞ்சினை அணைத்து, குழாய் ஆறிய பிறகு நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.