விரைவில் தொடங்கும் மருத்துவ ஆய்வு: சேர்வதற்கு முன் சறுக்கும் இடங்கள்

தமிழில் ரத்தம் எடுத்துப் பார்ப்பதும் பரிசோதனைதான். புதிய மருந்து ஒன்றை நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துப் பலன் பார்ப்பதும் பரிசோதனைதான். குழப்பம் இந்தச் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. “ஒரு மருத்துவப் பரிசோதனை வருகிறது, சேர்கிறீர்களா?” என்று மருத்துவமனையில் கேட்டால், ஸ்கேன் போல ஏதோ ஒன்று என்று நினைத்துத் தலையாட்டுகிறவர்கள் உண்டு. “நம்மைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு. என்ன கேட்டார்கள் என்பதே இருவருக்கும் தெரியாது. பதில் மட்டும் சொல்லிவிட்டார்கள். இந்தக் குழப்பம் வேண்டாம் என்பதால் கிளினிக்கல் டிரையலை இங்கே ‘ஆய்வு’ என்றே குறிப்பிடுகிறேன்.

சிகிச்சை என்று நினைத்துச் சேர்வது

நான் பார்த்தவரை மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய் இதுதான். சிகிச்சையில் மருத்துவர் உங்களைப் பார்த்து முடிவு செய்வார். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்றுவார், அளவைக் கூட்டிக் குறைப்பார். ஆய்வில் என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நாள், எந்தெந்தத் தேதியில் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் நீங்கள் உள்ளே வருவதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கும். அந்த ஆவணத்தைப் புரோட்டோகால் என்பார்கள். அதிலிருந்து மருத்துவர் தன் விருப்பப்படி விலக முடியாது. உங்கள் பாதுகாப்புக்காக உங்களை ஆய்விலிருந்தே வெளியே எடுக்க முடியும், அவ்வளவுதான். ஒரு கேள்விக்கு விடை காண்பதே ஆய்வின் நோக்கம். அதனால் உங்களுக்கு நன்மை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

வெள்ளைக் கோட்டு, ஸ்டெதஸ்கோப், பழகிய மருத்துவர், அதே வார்டு என்று எல்லாம் சிகிச்சை போலவே தோன்றுவதால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. படித்தவர்களும் இதில் சறுக்குகிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் பால் ஆப்பெல்பாமும் அவருடன் பணியாற்றியவர்களும் 1982-ல் இந்த மயக்கத்துக்குத் தனியாக ஒரு பெயரே வைத்தார்கள். ‘சிகிச்சை மயக்கம்’ என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

இதிலிருந்து தப்ப எளிய வழி, ஆய்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்பது. முதல் கட்ட ஆய்வில் பொதுவாக 20 முதல் 100 பேர் வரை சேர்க்கப்படுவார்கள். மருந்தை உடல் தாங்குகிறதா, எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் அங்கே முதன்மையான கேள்வி. நோய் குணமாகுமா என்பது பெரும்பாலும் அடுத்தபடிதான். இரண்டாம் கட்டத்தில் சில நூறு பேரிடம் பலன் தென்படுகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் பல நூறு பேர் முதல் பல ஆயிரம் பேர் வரை இருப்பார்கள். ஏற்கெனவே உள்ள சிகிச்சையைவிட இது மேலா என்று அங்கேதான் ஒப்பிடுகிறார்கள். விற்பனைக்கு வந்த பிறகும் கண்காணிப்பது நான்காம் கட்டம். முதல் கட்டத்தில் நுழையும் மருந்துகளில் சுமார் பத்தில் ஒன்றுதான் கடைசியில் அனுமதி பெறுகிறது. இதைத் தெரிந்துகொண்டு முதல் கட்ட ஆய்வில் சேர்கிறவர்களை நான் மதிக்கிறேன். தெரியாமல் சேர்கிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

புதியது என்பதால் மேலானது என்று நம்புவது

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் சிலருக்கு இதயத் துடிப்பு இடையிடையே தாளம் தப்பும். அப்படித் தாளம் தப்பும் இதயம் உள்ளவர்கள் பிற்பாடு இறக்கும் அபாயம் கூடுதல். அப்படியானால் தாளம் தப்புவதை அடக்கும் மாத்திரை உயிரைக் காக்க வேண்டும் அல்லவா? அப்படித்தான் மருத்துவர்களும் நினைத்தார்கள், எழுதியும் கொடுத்தார்கள். அதைச் சரிபார்க்க நடந்த காஸ்ட் என்ற ஆய்வில், மாத்திரை துடிப்பை ஒழுங்குபடுத்தவே செய்தது. ஆனால் என்கெய்னைடு, ஃபிளெக்கெய்னைடு என்ற இரண்டு மருந்துகளை உட்கொண்டவர்களில் இறந்தவர்கள், மருந்தில்லாத மாத்திரை உட்கொண்டவர்களைவிட அதிகம். 1989-ல் ஆய்வின் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

இன்னொரு கதை இதைவிட நீளமானது. மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக அளவில் கீமோதெரபி கொடுத்து, அதனால் அழியும் எலும்பு மஜ்ஜையை ஈடுகட்ட மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யும் முறை 1990-களில் பெரும் நம்பிக்கையோடு பரவியது. ஆய்வில் சேர்ந்தால் பழைய சிகிச்சைக் குழுவில் விழுந்துவிடுவோமோ என்று பயந்து, பல்லாயிரம் பெண்கள் ஆய்வுக்கு வெளியே அதைச் செய்துகொண்டார்கள். ஆய்வுகளுக்கு ஆள் கிடைப்பது இழுத்துக்கொண்டே போனது. 1999-ல் முடிவுகள் வெளிவந்தபோது, வழக்கமான சிகிச்சையைவிட இது ஆயுளைக் கூட்டவில்லை என்று தெரிந்தது. கூட்டியதாகச் சொன்ன ஒரே ஓர் ஆய்வும் மோசடி என்று பிறகு அம்பலமானது. பழைய சிகிச்சைக் குழுவில் விழுந்தவர்கள் எதையும் இழக்கவில்லை. கடுமையான பக்கவிளைவுகளிலிருந்து தப்பினார்கள்.

“எனக்கு வெறும் மாத்திரை கொடுத்துவிட்டால்?”

பயம் நியாயமானதுதான். ஆனால் மருந்தில்லாத மாத்திரையைக் குறிக்கும் ‘பிளசீபோ’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நோயை அப்படியே விட்டுவிடுவார்கள் என்று முடிவுகட்டுவது தவறு. நல்ல சிகிச்சை ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு, அதை நிறுத்திவிட்டு வெறும் மாத்திரை மட்டும் கொடுப்பதை, ஆய்வு நியாயமானதா என்று பார்த்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுக்கள் பொதுவாக ஏற்பதில்லை. பல ஆய்வுகளில் இரு குழுவுக்கும் வழக்கமான சிகிச்சை நடக்கும். அதன்மேல் ஒரு குழுவுக்குப் புதிய மருந்தும் மற்றதற்கு அதைப் போலவே தோன்றும் மாத்திரையும் சேரும். உங்கள் ஆய்வில் எப்படி என்பதை ஒப்புதல் படிவத்தில் பாருங்கள். அங்கே தெளிவாக இல்லை என்றால், தெளியும்வரை கேளுங்கள்.

யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கல் போலத்தான் முடிவாகும். இங்கே இன்னொரு வேடிக்கை நடக்கும். “டாக்டர் நமக்குத் தெரிந்தவர்தான், சொல்லி நல்ல குழுவில் போட்டுக்கொள்ளலாம்” என்று சிபாரிசு தேடுவார்கள். இரு தரப்பும் அறியாத முறையில் நடக்கும் ஆய்வில் யாருக்கு எந்த மாத்திரை என்பது அந்த டாக்டருக்கே தெரியாது. இரண்டில் நல்லது எது என்பதும் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஆய்வே தேவைப்பட்டிருக்காது.

குலுக்கல் எதற்கு என்பதைப் பிரிட்டனில் 1948-ல் வெளியான காசநோய் ஆய்வைப் பார்த்தால் புரியும். ஸ்ட்ரெப்டோமைசின் அப்போது புதிது, கிடைப்பதற்கும் அரிது. 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு அன்றைய வழக்கமான படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 4 பேரும் இரண்டாவதில் 14 பேரும் இறந்தார்கள். உடல்நிலை சற்றுத் தேறியவர்களாகப் பார்த்து மருத்துவர்கள் மருந்து கொடுத்திருந்தால் அந்த எண்களை யாரும் நம்பியிருக்க முடியாது.

யாருக்கு எது என்ற ரகசியத்தை அவசர நிலையில் உடைக்க வழி உண்டு. ஆய்வில் சேர்ந்தவர்களுக்குத் தொடர்பு எண்ணோடு ஓர் அட்டை கொடுப்பது வழக்கம். அதை வீட்டு அலமாரியில் பத்திரமாகப் பூட்டி வைக்கக் கூடாது. பர்ஸில் இருக்க வேண்டும்.

‘விரைவில்’ என்ற சொல்லை நம்பிக் காத்திருப்பது

ஆய்வுகளின் பதிவேடுகளை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பல நாட்டுப் பதிவேடுகளை ஒரே இடத்தில் தேட உலக சுகாதார நிறுவனமும் ஒரு தளம் நடத்துகிறது. அங்கே ஒவ்வோர் ஆய்வுக்கும் அதன் நிலை குறிக்கப்பட்டிருக்கும். ‘ஆள்சேர்ப்பு இன்னும் தொடங்கவில்லை’ என்றால் நீங்கள் பார்க்கும் தொடக்கத் தேதி ஒரு மதிப்பீடு மட்டுமே. ‘நடக்கிறது, ஆள்சேர்ப்பு இல்லை’ என்றால் கதவு மூடிவிட்டது. ‘திரும்பப் பெறப்பட்டது’ என்றால் ஒருவரைக்கூடச் சேர்க்காமலேயே கைவிட்டுவிட்டார்கள்.

வரப்போகிற ஆய்வுக்காக, இன்று எடுக்க வேண்டிய சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்து. நோய் முற்றிவிட்டால் அதே காரணத்துக்காக ஆய்விலும் சேர்க்க மாட்டார்கள். எதிர்ப்பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘முன்பு இந்தச் சிகிச்சை பெறாதவர்கள் மட்டும்’ என்ற நிபந்தனை பல ஆய்வுகளில் உண்டு. ஆகவே புதிய சிகிச்சை ஒன்றைத் தொடங்கும் முன், எந்தெந்த ஆய்வுக்கான கதவு இதனால் மூடும் என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பதிவேட்டில் பெயர் இருப்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. 2017-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியான செய்தி இது: வயது முதிர்ந்த மூன்று பெண்கள், விழித்திரைத் தேய்வுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று பணம் கட்டி, இரண்டு கண்களிலும் ஒரே நாளில் ஊசி போட்டுக்கொண்டு பார்வையை இழந்தார்கள். பதிவேட்டில் இருந்த ஆய்வு ஒன்றில் சேர்வதாகவே அவர்களில் சிலர் நம்பியிருந்தார்கள். முறையான ஆய்வில் சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் பணம் கேட்பது அரிது. ஒரு கண்ணில் என்ன ஆகிறது என்று பார்க்காமல் மறு கண்ணைத் தொடுவதும் அப்படித்தான். பணம் கேட்டால் எழுந்துவிடுங்கள். குறைந்தபட்சம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தைக் கேளுங்கள்.

படிவத்தைச் சம்பிரதாயமாகக் கருதுவது

வங்கிக் கணக்கு தொடங்கும்போது போடுவது போல, ஒப்புதல் படிவத்தில் அம்புக்குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். இந்தப் படிவத்துக்குப் பின்னால் கசப்பான வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பினத்தவரை, அவர்களுக்கு என்ன நோய் என்று சொல்லாமலேயே கவனித்துவந்தார்கள். அந்த நோயைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. ஆய்வில் சேர்கிறவரின் சம்மதத்தை வலியுறுத்தும் இரண்டு ஆவணங்கள், அதாவது நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கில் 1947-ல் பிறந்த நியூரம்பெர்க் நெறிகளும், 1964-ன் ஹெல்சிங்கி பிரகடனமும், ஏற்கெனவே இருந்த காலத்திலும் அது தொடர்ந்தது.

படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். உங்கள் மொழியில் கேளுங்கள். கையெழுத்துப் போட்டதால் கட்டுப்பட்டுவிட்டோம் என்று நினைப்பவர்கள் பலர். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை அதனால் தடைபடக் கூடாது. விலகும்வரை திரட்டிய தகவலை அவர்கள் வைத்துக்கொள்ளக்கூடும். ஆனால் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மறைப்பது

டாக்டர் மனம் நோகக் கூடாது என்று தலைசுற்றலைச் சொல்லாமல் விடுவது, மறந்துபோன மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிட்டுக் காலி டப்பாவைக் கொடுப்பது, ஆய்வில் இடம் கிடைக்காதோ என்று பழைய நோயை மறைப்பது என இதில் பல வகை. “மூலிகைதானே, அதைப் போய்ச் சொல்வானேன்” என்பது இன்னொன்று. மனச்சோர்வுக்குப் பலர் தாமாகவே வாங்கி உட்கொள்ளும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, எச்.ஐ.வி. மருந்தான இண்டினாவிரின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடுகிறது. ஆய்வில் இப்படி நடந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று பதிவாகும். காரணம் உங்கள் மேசை இழுப்பறைக்குள் இருக்கும்.

கடைசியாக, பெரும்பாலோர் கேட்க மறக்கும் இரண்டு கேள்விகள். ஆய்வால் எனக்குப் பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது? மருந்து எனக்குப் பலன் தந்தால், ஆய்வு முடிந்த மறுநாளும் அது கிடைக்குமா? கிடைக்கும் என்று வாயால் சொன்னால் போதாது; படிவத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.