சென்னைக்குப் பக்கத்தில் அமைதி தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருவான்மியூரில் வண்டியைக் கிளப்பி, கூட்டமில்லாத கடற்கரையாகப் பார்த்து உட்காரலாம் என்று ஈ.சி.ஆரில் தெற்கே போகிறவர்களுக்கு அக்கரை சிக்னலிலேயே பாதித் தெம்பு போய்விடும். முன்னால் நிற்கும் காரில் இருப்பவர்களும் கூட்டமில்லாத கடற்கரைக்குத்தான் போகிறார்கள். அந்த வரிசையில் நானும் பல சனிக்கிழமைகள் நின்றிருக்கிறேன். கிலோமீட்டர் கூடக் கூடச் சத்தம் குறையும் என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் தவறு.

தூரத்தைவிட நேரம்தான் கணக்கு. பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, இன்னொரு பக்கம் ஐ.டி. கட்டடங்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்பு நிலம் இதுதான் என்றால், தினமும் அந்த வழியாக ஆபீஸ் போகிறவர்களே நம்பமாட்டார்கள். ஆனால் தை மாதத்தில் காலை ஆறரைக்கு பெரும்பாக்கம் பக்கம் சாலையோரமாக நின்று பாருங்கள். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கோரைக்குள் நடக்கும் நீலத் தாழைக்கோழி எல்லாம் கண்ணுக்கு எதிரே. எட்டரைக்கு அதே இடத்தில் ஹாரன் சத்தம் மட்டும்தான் கேட்கும். பறவைகள் எங்கேயும் போவதில்லை, நமக்குத்தான் தெரியாமல் போகிறது.

நேரம் என்றால் கிழமையும் சேர்த்துத்தான். வார நாளில் போனால் கூட்டமிருக்காது என்று கெட்டிக்காரத்தனமாக லீவு எடுத்துக்கொண்டு போய், வண்டலூர் பூங்காவின் மூடிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். அன்று செவ்வாய்க்கிழமை. அங்கே வார விடுமுறை அன்றுதான். கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் அதே செவ்வாய்தான்.

பருவத்தைக் கவனிக்காமல் போவது இதைவிடப் பெரிய தவறு. பழவேற்காட்டுக்கு நான் முதலில் போனது மே மாதத்தில். பொன்னேரி வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ். மத்தியானம் பன்னிரண்டரைக்கு இறங்கினால் தார்ச்சாலை கொதிக்கிறது, ஏரி கண்ணைக் கூசுகிறது, பூநாரை ஒன்றுகூட இல்லை. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் மழ முடிஞ்சு வரும்பா. இந்த வெயில்ல நாங்களே வெளிய நிக்கமாட்டோம், நீ இன்னாத்துக்கு வந்த?" என்றார். என்னிடம் பதில் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் ஏரிகளை நிரப்பி, மார்கழியில் ஓய்ந்து, மாசி முடியும் வரை சென்னையின் சுற்றுப்புறம் உயிரோடு இருக்கும். மற்ற மாதங்களில் போகக்கூடாது என்றில்லை. விடிகிற நேரத்தில் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கொடைக்கானலையோ கேரளாவையோ மனதில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு நம் ஊர் இயற்கை ஏமாற்றமாகத்தான் தெரியும். இது முள்ளும் பாறையும் பனையும் உப்பங்கழியும் சேர்ந்த நிலம். மேடவாக்கம் பக்கத்து நன்மங்கலம் காப்புக்காட்டில் மரங்கள் ஆளுயரத்தைத் தாண்டினாலே பெரிது. களாவும் ஈச்சையும் சட்டையைப் பிடித்து இழுக்கும். ஆனால் அங்கே கைவிடப்பட்ட கல்குவாரியின் பாறைச் சுவரில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. சாயங்காலம் அது கூப்பிடுகிற சத்தத்தைக் கேட்டவர்கள் மூடுபனியும் அருவியும் வேண்டும் என்று கேட்கமாட்டார்கள். செருப்போடு மட்டும் போகாதீர்கள். இந்தப் புதர்களும் ஏரிக்கரைகளும் கண்ணாடிவிரியனுக்கும் சொந்த ஊர்.

ஆள் இல்லாத இடம் ஏன் ஆள் இல்லாமல் இருக்கிறது?

வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பச்சைக்கு நடுவே ஒரு நீலப் புள்ளியைக் கண்டதும் "யாருக்குமே தெரியாத இடம்" என்று துள்ளிக் குதிக்கிறோம். இந்த ஒரு தவறுக்கு மட்டும் உயிரை விலையாகக் கொடுக்க நேரிடும்.

அந்த நீலப் புள்ளி பல நேரம் கல்குட்டையாக இருக்கும். ஏரி என்றால் கரையிலிருந்து தரை சரிந்துகொண்டே போகும், இடுப்பளவு வந்ததும் நின்றுகொள்ளலாம். கல்குட்டை அப்படியில்லை. வெடி வைத்துத் தகர்த்த பாறை, படிபடியாக வெட்டியிருக்கும். ஒரு படியில் முழங்கால் தண்ணீர், அடுத்த படியே கிடையாது. ஏறிவரப் பிடிக்கவும் ஒன்றும் இருக்காது, பாசி பிடித்த செங்குத்துச் சுவர்தான். மாங்காடு பக்கத்துச் சிக்கராயபுரம் குட்டைகளில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்றால், 2017-லும் 2019-லும் ஊரே வறண்டபோது அங்கிருந்தும் எடுத்துச் சுத்திகரித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். அந்த ஆழத்தில்தான் கோடை விடுமுறையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குதிக்கிறார்கள். நீச்சல் தெரியும் என்பது அங்கே பெரிய காப்பு இல்லை.

கடலும் அப்படித்தான். மெரினாவிலிருந்து கோவளம் வரை நம் கரை சட்டென்று ஆழமாகிற கரை. ஒரு குப்பத்துக்குப் பக்கத்தில் நீளமான மணல் காலியாகக் கிடந்து, அந்தக் குப்பத்துப் பிள்ளைகளே அங்கே இறங்காமல் இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரிடம் "அண்ணே, இங்க எறங்கலாமா?" என்று கேட்க அரை நிமிஷம் ஆகாது. படகும் கேட்டுத்தான் ஏறவேண்டும். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். மீன் பிடிக்கிற படகு மீன் பிடிக்கத்தான்; உயிர்காப்பு அங்கி இல்லாமல், "இன்னும் ரெண்டு பேர் ஏறலாம்" என்று யாராவது கூப்பிட்டால் கரையிலேயே நில்லுங்கள்.

காட்டுக்கு அனுமதி எதற்கு என்று கேட்கிற நண்பர்கள் எனக்கும் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து மலையேறப் போனவர்களும் அதில் இருந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. இப்போது சாக்கும் சொல்லமுடியாது: 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போக வழி செய்திருக்கிறது. கோடையில் தீ பிடிக்கிற காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். அப்போது "பின்பக்கமா ஒரு வழி இருக்கு" என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது சொன்னால் அந்தக் குழுவிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

அந்த 40-இல் சென்னைக்காரர்களுக்குப் பக்கமானது பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டியிருக்கும் கூடியம் குகைகள். கூழாங்கற்கள் உருண்டையாகப் பதிந்த பாறைக் கூரையின் கீழே உட்கார்ந்தால் நம் மூச்சு நமக்கே கேட்கும். கொஞ்ச தூரத்தில்தான் அத்திரம்பாக்கம். பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆதிமனிதரின் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்த அதே 1863-இல் வெளிச்சத்துக்கு வந்த இடம். அங்கே கிடைத்த கைக்கோடரிகளின் வயதைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். அவ்வளவு காலமாக மனிதர் புழங்கிய பக்கத்துக்குப் போய்த்தான் "ஆள் நடமாட்டமே இல்லாத இடம்" என்று பாறையில் பெயரெழுதிவிட்டு வருகிறோம்!

நாம் அமைதி என்று சொல்கிற இடம் எல்லாம் யாரோ ஒருவரின் மேய்ச்சல் நிலம், வலை உலர்த்துகிற மணல், ஊர்க்கோயில் குளம். வேடந்தாங்கலில் இது நன்றாகப் புரியும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊர்க்காரர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். பறவைகளைச் சுடவிடாமல் வெள்ளைக்காரக் கலெக்டரிடமே 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உத்தரவு வாங்கியவர்கள் அவர்கள். தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அப்படிக் காப்பாற்றிவைத்த கரையில் பொங்கல் விடுமுறையன்று புளூடூத் ஸ்பீக்கரோடு போய் இறங்குகிறவர்களை என்ன சொல்வது? கூட்டம் பிடிக்காது என்றால் சில கிலோமீட்டர் தள்ளிக் கரிக்கிளி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் குறைவு.

ரீல்ஸ் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. பிடித்த ஏரிக்கரையை லொகேஷனோடு போட்டால் அடுத்த மாதம் அங்கே பிரியாணி டப்பா கிடக்கும். பார்த்தாயிற்று.

தனியாகப் போகிறவர்கள் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். உப்பங்கழிப் பக்கம் பல இடங்களில் சிக்னல் இருக்காது. புறநகர் ரயிலை நம்பினால் ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு என்பது நினைவிருக்கட்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு எங்கேதான் போவது என்று கேட்டால், நான் முதலில் சொல்வது பங்குனி ஆமைகளை, அதாவது ஆலிவ் ரிட்லி கடலாமைகளைப் பார்க்கப் போகும் இரவு நடை. 1988 முதல் மாணவர்கள் நடத்திவருகிறார்கள். ஆமைகள் முட்டையிட வரும் பருவத்தில் வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் ஏழு கிலோமீட்டர், மணலில். போனில் டார்ச் அடிக்கக்கூடாது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் கடல் என்று நினைத்து வெளிச்சத்தின் பக்கம் போய்விடும். ஆமை வராத இரவுகளும் உண்டு. நான் போன அன்றும் வரவில்லை. நள்ளிரவைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தோம், யாரும் பேசவில்லை. மேற்கே கூப்பிடு தூரத்தில் அதே ஈ.சி.ஆர்., அதே சனிக்கிழமை.