கொக்கும் குரங்கும் நாயும் இருக்கட்டும்: நுளம்பை மட்டும் தடுப்பது எப்படி?

கொழும்பை அடுத்த தலவத்துகொடையில் இருக்கும் அக்கா வீட்டின் பின்மதிலுக்கு அப்பால் சதுப்பு நிலம். விடிந்ததும் கொக்குகள் வந்து இறங்கும். சில நாட்களில் கறுத்த முகமுள்ள மந்திகள் கூரை மேல் தாவி ஓடும். அண்மையில் அயலவர் சிலர் கூடி, சதுப்பை மண் போட்டு நிரப்ப வேண்டும், குரங்குகளைப் பிடித்துத் தூரத்தில் விட வேண்டும், அப்போதுதான் காய்ச்சல் ஓயும் என்று பேசிக்கொண்டார்களாம். அக்கா இதைச் சொன்னபோது எனக்கு மனம் பதைத்தது. அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

கொக்கும் குரங்கும் டெங்கு போன்ற நுளம்புக் காய்ச்சல்களை நமக்கு நேரடியாகத் தருவதில்லை. நடுவில் ஒரு நுளம்பு வேண்டும். அது பிறக்கும் தண்ணீரும் அது கடிக்கும் தோலும் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. வேலை செய்ய வேண்டியது அங்கேதான்.

படி 1: எந்த நுளம்பு என்று அறியுங்கள்

காலில் வெள்ளை வளையங்களோடு பகலில் கடிப்பது ஈடிஸ். டெங்குவும் சிக்கன்குனியாவும் அதன் வேலை. 2017 இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. பொலன்னறுவைக் குரங்குகளின் இரத்தத்தில் டெங்குத் தொற்றின் தடயம் இருந்ததாக 1999 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது உண்மைதான். ஆனால் கொழும்பில் டெங்கு சுற்றுவதற்குக் குரங்கு தேவையில்லை. காய்ச்சல்காரர் ஒருவரும் ஈடிஸ் நுளம்பும் இருந்தால் போதும்.

இருட்டிய பின் வரும் பழுப்பு நிற நுளம்பு கியூலெக்ஸ். அதில் வயல்களிலும் சதுப்புகளிலும் பெருகும் ஓர் இனம் ஜப்பானிய மூளையழற்சியைக் கொண்டுவருகிறது. இந்த வைரஸின் இயற்கை வீடு கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகள். பன்றியின் உடலில் அது வெகுவாகப் பெருகும். மனிதருக்கு வந்தால் மூளையைத் தாக்கும். ஆனால் மனித இரத்தத்தில் அது நுளம்புக்குத் தொற்றும் அளவுக்குப் பெருகுவதில்லை. ஆகவே நோயாளியின் அருகில் இருப்பதற்கு அஞ்ச வேண்டாம்.

மூன்றாவது, மன்சோனியா. இதன் குடம்பி (நீரில் வாழும் நுளம்புப் புழு) மிதக்கும் நீர்த்தாவரங்களின் வேரைத் துளைத்து, அதிலிருந்தே மூச்சு விடும். மேலே வந்து காற்று வாங்காததால் கண்ணில் படாது. யானைக்கால் நோயை உண்டாக்கும் புரூகியா என்ற புழுவை இது காவுகிறது. அந்தப் புழு நாய், பூனைகளின் இரத்தத்திலும் வாழக்கூடியது. இலங்கை யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்த நாடு என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஆனால் விலங்கில் தங்கியிருக்கும் புழு சான்றிதழுக்குக் கட்டுப்படாது.

படி 2: சனிக்கிழமைச் சுற்று

நம் வெக்கையில் முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். எனவே வாரம் ஒரு முறை தவறாமல் பார்க்க வேண்டும். காகத்துக்குச் சோறு வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் அதே கையோடு ஒரு டோர்ச்சை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். கிழமை மறக்காது.

காகத்துக்கும் தெருநாய்க்கும் தண்ணீர் வைக்கும் சட்டியிலிருந்து தொடங்குங்கள். அது அன்பான பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் தண்ணீரை நாள்தோறும் மாற்றி, சட்டியின் உட்புறத்தைத் தும்பால் அழுத்தித் தேயுங்கள். ஈடிஸ் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தேய்க்காமல் தண்ணீரை மட்டும் கொட்டினால் அடுத்த மழையில் பொரித்துவிடும். பூச்சாடித் தட்டுக்கும் குளியலறை வாளிக்கும் இதே தேய்ப்புதான்.

பிறகு குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, குளிரூட்டியின் நீர் சொட்டும் இடம், போத்தலில் வளரும் கொடி, யோகட் கோப்பை, சிரட்டை, இளநீர்க் கோம்பை, பழைய டயர். கூரைப் பீலியை மறக்கவே வேண்டாம். நான் ஒரு முழு மழைக்காலமும் முற்றத்தைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். கடைசியில் மாவிலை அடைத்த பீலியில்தான் குடம்பிகள் நெளிந்தன. தொடர்மாடியில் இருப்பவர்கள் மொட்டைமாடித் திறவுகோல் யாரிடம் என்று இன்றே கேட்டு வையுங்கள்.

படி 3: குழியும் கானும்

அசுத்த நீரில் பெருகும் கியூலெக்ஸ் இனமும் உண்டு. மலசலகூடக் குழியின் காற்றுக்குழாய் வாயில் நுளம்புவலைத் துண்டொன்றைக் கட்டுங்கள். குழி மூடியின் வெடிப்புகளைச் சீமெந்தால் அடையுங்கள். கானில் தண்ணீர் ஓட வேண்டும், தேங்கக் கூடாது.

படி 4: சதுப்பைத் தொடாதீர்கள்

அக்காவின் அயலவருக்கு நான் சொல்ல விரும்பியது இதுதான். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், 2018 இல் கொழும்பு ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. அழகுக்காக மட்டும் கிடைத்த பெயரல்ல அது. இந்தச் சதுப்புகள் வெள்ளத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. அங்கே மீன் இருக்கிறது, தும்பி இருக்கிறது, தும்பியின் குஞ்சுகள் தண்ணீருக்குள்ளேயே குடம்பிகளைத் தின்னுகின்றன. மண் போட்டு நிரப்பினால் மிஞ்சுவது மீனில்லாத குட்டைகளும் பள்ளங்களும்தான். நுளம்புக்கு அதைவிட நல்ல வீடு ஏது? கொக்கை விரட்டினாலும் அது பக்கத்துக் குளத்தில் இறங்கும், வைரஸும் கூடவே போகும்.

செய்ய வேண்டியவை வேறு. சதுப்பு ஓரத்தில் நாம் எறிந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்குங்கள். வீட்டோரக் கானில் ஆகாயத்தாமரை படர்ந்தால் வேரோடு வாரி வெயிலில் காயவிடுங்கள். இறப்பர் சப்பாத்தும் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் காத்திருக்கிறது. பெரிய பரப்பை மூடியிருந்தால் உள்ளூராட்சி மன்றத்துக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ எழுத்தில் அறிவியுங்கள். குடம்பிகளைத் தின்னும் கப்பி மீனை வீட்டுத் தொட்டியில் விடலாம், சதுப்பில் விடாதீர்கள். அது அங்குள்ள நம் மீன்களின் இடத்தைப் பறிக்கும்.

படி 5: நாய்

நாய்களில் உள்ள டைரோபிலாரியா என்ற புழுவும் நுளம்பு வழியாக மனிதருக்கு வரும். தோலுக்கடியில், சில வேளை கண்ணோரத்தில், கட்டியாகத் தெரியும். இலங்கையில் குழந்தைகளிடம் இதைக் கண்டிருக்கிறார்கள். வளர்ப்பு நாய்க்குப் புழுத் தடுப்பு மருந்து பற்றி மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

படி 6: தோலும் தடுப்பூசியும்

காலையிலும் மாலையிலும் முழுக்கைச் சட்டை, நுளம்பை விரட்டும் டீட் கலந்த பூச்சு, இரவில் வலை. பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும், ஈடிஸ் பகல்காரி. ஜப்பானிய மூளையழற்சித் தடுப்பூசி தேசியத் திட்டத்தில் ஒரு வயது முடிந்ததும் இலவசமாகப் போடப்படுகிறது. குழந்தையின் சுகாதார அட்டையை எடுத்து அந்த வரி நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 7: காய்ச்சல் வந்தால்

பரசிற்றமோல் மட்டும் போதும். அஸ்பிரினும் ஐபுபுரூபனும் டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை அவசியம். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, இரத்தக் கசிவு, தடுமாற்றம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்காமல் 1990 அம்புலன்சை அழையுங்கள்.

அண்மையில் வெளிநாடு போய் வந்திருந்தால் வைத்தியரிடம் அதையும் சொல்லுங்கள். உள்நாட்டில் தொற்றிய மலேரியா 2012 இன் பின் இங்கே ஏறக்குறைய இல்லாததால் அது எவர் நினைவுக்கும் உடனே வராது. மலேசியக் காடுகளிலோ குரங்கிலிருந்து நுளம்பு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி மலேரியா இருக்கிறது. அதன் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகுவதால் நோய் விரைவாக முற்றும். அங்கே தோட்டத்தில் வேலை செய்து திரும்பிய தம்பிக்குக் காய்ச்சல் என்றால், "மலேரியாவுக்கும் பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள்.