ஐப்பசி மழைக்கு முன் வாது கழிக்க: போல் சா பிடிக்கும் முறை

எங்கள் கொல்லை பாபநாசம் வட்டத்தில், குடமுருட்டிக் கரையிலிருந்து இரண்டு வயல் தள்ளி இருக்கிறது. தென்னை முப்பத்திரண்டு, ஒட்டுமா நான்கு, வேலியோரம் பூவரசு, கிளுவை, கிளிரிசிடியா, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு பெரிய நாவல். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்தது. எங்களுக்கு அந்த அளவு அடியில்லை. ஆனால் நாவலின் ஒரு வாது, அதாவது கிளை, முறிந்து கொட்டகை மேல் விழுந்தது. உள்ளே கட்டியிருந்த சினைப்பசு போய்விட்டது. அந்த வாதைக் கழிக்கணும் என்று அப்பா மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மரமேற ஆள் கிடைக்கவில்லை.

மறு வருடம் நான் போல் சா வாங்கினேன். நீண்ட கம்பின் நுனியில் செயின் ரம்பம் பூட்டிய மிஷின் அது, தரையில் நின்றபடியே வாது கழிக்கலாம். ஆடிப்பெருக்கு கழிந்ததும் தொடங்கி, புரட்டாசி நடுவுக்குள் எல்லா மரத்தையும் ஒரு சுற்று பார்த்துவிடுவேன். வடகிழக்குப் பருவமழை வந்து மண் ஊறிய பிறகு, காற்று பிடிக்கும் தலைக்கனத்தோடு ஒரு மரம் நிற்கக் கூடாது. நான் இந்த வேலையைச் செய்வதே அதற்காகத்தான்.

நான் வைத்திருப்பது தலை மாற்றும் வகை. ஒரே டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். இந்த வகை இன்ஜின்கள் பெரும்பாலும் 25 முதல் 35 சிசிக்குள் வரும். முன்னால் ரம்பத்தலை, வேலி வெட்டும் தலை, புல் வெட்டும் தலை என்று எது வேண்டுமோ அதை மாட்டலாம். எட்டவில்லை என்றால் நடுவில் ஒரு நீட்டுக் குழாய். வாங்கும்போது இன்ஜின் பவரை மட்டும் கேட்காதீர்கள். ரம்பத்தலை மாட்டியபடி கையில் வாங்கி, ஐந்து நிமிடம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஆறேழு கிலோ என்று சொன்னால் லேசாகத் தோன்றும். நீட்டுக் குழாயும் சேர்ந்தால் முன்பாரம் தோளை இறக்கிவிடும். வாங்கும் முன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உழவன் செயலியிலும் பார்க்கலாம்.

பெட்ரோலில் டூ-டி ஆயில் கலக்கும் அளவு மிஷினோடு வரும் புத்தகத்தில் இருக்கும். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. மூடியில் ஊற்றிக் கண்ணளவாகக் கலக்க வேண்டாம். மருந்துக்கடையில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் சேர்ந்திருக்கிறது, அது காற்றின் ஈரத்தை இழுக்கும். நம் ஆற்றங்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். மாதக்கணக்கில் கேனில் கிடந்ததை ஊற்றினால் இன்ஜின் இருமி நின்றுவிடும்.

செயின் ஆயில் வேறு. அதற்கு ரம்பத்தலையிலேயே தனித் தொட்டி உண்டு. மிஷினை விற்றவர் இதைச் சொல்லவில்லை, நானும் புத்தகத்தைப் பிரிக்கவில்லை. முதல் நாள் அரைமணி நேரத்தில் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் ஒரு காய்ந்த தேக்கிலையைத் தரையில் போட்டு, பார் நுனியை அதற்கு ஒரு சாண் மேலே பிடித்து ஆக்ஸிலேட்டரை முடுக்குவேன். இலையில் எண்ணெய்க்கோடு விழுந்தால்தான் மரத்தடிக்குப் போவேன். செயின் இறுக்கத்தையும் அப்போதே பார்க்க வேண்டும். இன்ஜின் அணைந்திருக்கும்போது, கையுறை போட்டுக்கொண்டு, பாரின் நடுவில் செயினைக் கீழே இழுங்கள். செயினின் அடிப்பல் பார் விளிம்பின் பள்ளத்தைவிட்டு முழுக்க வெளியே வரக் கூடாது, விட்டதும் திரும்பி ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் கையால் நகர்த்தினால் தடையில்லாமல் ஓட வேண்டும். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரை விட்டபின் செயின் அசையாமல் நிற்கிறதா என்பது கடைசிச் சோதனை. ஓடிக்கொண்டே இருந்தால் ஐடில் ஸ்க்ரூவை (ஆக்ஸிலேட்டரை விட்டபின் இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கும் திருகு) சரிசெய்யாமல் வேலைக்கு எடுக்காதீர்கள்.

உடுப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொங்குவது எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. புடவைத் தலைப்பு, துப்பட்டா, வேட்டி, தோள் துண்டு எதுவும் ஆகாது. நான் அண்ணனின் பழைய ஜீன்ஸும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்கிறேன். ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பு, பிடிப்புள்ள பூட்ஸ். தலையில் துண்டு கட்டிக்கொள்வது மரத்தூளுக்கு உதவும், விழும் வாதுக்கு உதவாது.

இனி நிற்கும் இடம். இதற்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் தகும்.

முதலில் அண்ணாந்து பார்த்து மின்கம்பியைத் தேடுங்கள். இந்த மிஷினின் குழாய் பெரும்பாலும் அலுமினியம், மின்சாரத்தைத் தடுக்காது. பம்ப்செட்டுக்குப் போகும் லைன், வீட்டு சர்வீஸ் வயர், தெருக்கம்பி எதுவானாலும் பத்து மீட்டருக்குள் இருந்தால் அந்த வாதில் கை வைக்கக் கூடாது. அறுந்து விழும் கிளை போய்க் கம்பியைத் தொட்டாலும் அதே ஆபத்துதான். எங்கள் பூவரசில் ஒன்று அப்படி நிற்கிறது. உள்ளூர் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, அவர்கள் லைனை நிறுத்தி வந்து வெட்டும்வரை அதை விட்டுவிடுவேன். ஆள் அனுப்பத் தாமதமானால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987இல் பதிவு செய்யலாம்.

அடுத்தது கதண்டு என்ற விஷக்குளவி. நம் பக்கம் கதண்டு கொட்டி உயிர் போன வீடுகள் உண்டு. பானைபோல ஒரு கூடு இலைக்குள் தெரிந்தால் சத்தம் போடாமல் விலகித் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். மாமரத்தில் முசுறு என்ற சிவப்பு எறும்பு இருக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இன்ஜின் கையில் ஓடும்போது கழுத்துக்குள் முசுறு இறங்கினால் கவனம் சிதறும். இலைக்கூடு இருக்கும் வாதை முதலில் தொரட்டியால் இறக்கிவிட்டுப் பிறகு தொடங்குகிறேன்.

எனக்குத் துணைக்கு வரும் தம்பி இருபது வருடம் மரமேறியவர். முதல் வருடம் நான் வாதுக்கு நேர் கீழே நின்று கம்பைச் செங்குத்தாகத் தூக்கியபோது, "அக்கா, அது கம்பு வழியாவே இறங்கி உங்க கைக்குத்தான் வரும். தள்ளி நில்லுங்க" என்று கத்தினார். அன்று அவர் கத்தாமல் இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கம்பு தரையோடு 60 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது. வாது விழும் இடம் உங்களுக்கு முன்னால் இருக்க வேண்டும், தலைக்கு மேல் அல்ல. பின்வாங்க இரண்டு வழி பார்த்து வைத்து, அங்கே கிடக்கும் மட்டை, கொட்டாங்கச்சி, கயிறு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். நம் களிமண் ஒரு தூறலுக்கே வழுக்கும், ஈரமான வரப்பில் நின்று வெட்டாதீர்கள். பதினைந்து மீட்டருக்குள் குழந்தை, ஆடு, வேடிக்கை பார்ப்பவர் யாரும் நிற்க வேண்டாம்.

மணிக்கட்டுப் பருமன் வாது என்றால் ஒரே வெட்டு போதும். மரத்தைத் தொடும் முன்பே ஆக்ஸிலேட்டரை முழுதும் கொடுத்துவிடுங்கள். பார் தொடங்கும் இடத்தில் உள்ள தடுப்புக் கொக்கியை வாதின் மேல் ஒட்ட வையுங்கள். செயின் மிஷின் பக்கம் ஓடுவதால் தலை வாதை நோக்கி இழுபடும், கொக்கி ஒட்டியிருந்தால் உதறாது. அழுத்த வேண்டாம், தலையின் எடையே அறுக்கும்.

தொடைப் பருமன் வாதுக்கு மூன்று வெட்டு வேண்டும். அதற்கு முன் நுனியிலிருந்து துண்டு துண்டாகக் கழித்துப் பாரத்தைக் குறையுங்கள். பிறகு அடிமரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கீழிருந்து மேலாகக் கால்பங்கு ஆழம் ஒரு வெட்டு. அதற்கு இரண்டு விரல் வெளியே, மேலிருந்து கீழாக முழு வெட்டு. வாது முறியும்போது கீழ்வெட்டு வரை வந்து நின்றுவிடும். அந்தக் கீழ்வெட்டு இல்லையென்றால் பட்டை அடிமரம் வரை உரிந்து தொங்கும். நாவலில் எனக்கு ஒருமுறை நடந்தது, அந்தக் காயம் இன்னும் மூடவில்லை. மூன்றாவது வெட்டு மிச்சக் கட்டைக்கு. வாது மரத்தோடு சேரும் இடத்தில் கழுத்துபோல ஒரு தடிப்பு தெரியும். அதை ஒட்டி வெட்ட வேண்டும், அதற்குள் வெட்டக் கூடாது. புதுப்பட்டை அந்தத் தடிப்பிலிருந்துதான் வளர்ந்து காயத்தை மூடும். மாவில் வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவிவிடுவேன்.

பார் நடுவில் சிக்கிக்கொண்டால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். வெறுமனே இழுத்தால் பார் வளையும். தம்பி தொரட்டியால் வாதை மேலே தூக்குவார், வெட்டுவாய் விரிந்ததும் நான் உருவிக்கொள்வேன். ஒரே வருடத்தில் தழையில் கால்பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மாவை அறுவடை முடிந்த கையோடு கழித்தால்தான் தைக்குள் புதுக் கொழுந்து முற்றிப் பூக்கும்.

தென்னைக்கு இந்த ரம்பத்தைத் தூக்கவே வேண்டாம். மட்டை நார் செயினில் சுற்றி இன்ஜினை நிறுத்திவிடும், இது ஒன்று. பச்சை மட்டையின் வெட்டுவாய் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும் என்பது அதைவிடப் பெரியது. பச்சை மட்டையை எடுத்தே ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் விட்டு வெட்டச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். காய்ந்த மட்டைக்குத் தொரட்டி போதும்.

தலையை மாற்றும்போது இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். குழாயின் பொத்தான் துளையில் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்து, திருகை இறுக்குங்கள். வேலித் தலையில் சொல்ல அதிகமில்லை. கிளுவை வேலியை அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் வெட்டுங்கள், அடித்தழைக்கு வெயில் கிடைக்கும்.

புல் வெட்டும் தலையை வாய்க்கால் கரையில்தான் அதிகம் எடுக்கிறேன். ஜூன் 12 மேட்டூர் திறப்பை எதிர்பார்த்து, வைகாசியிலேயே எங்கள் வயலுக்கு வரும் கன்னி வாய்க்காலைச் சுத்தம் செய்கிறோம். கோரைக்கும் அருகுக்கும் நைலான் நரம்பு, நெய்வேலிக் காட்டாமணக்குக்கு மூன்று பல் பிளேடு. பிளேடு மாட்டினால் வலமிருந்து இடமாக மட்டும் வீசுங்கள். பிளேடின் வலது முன்விளிம்பு கட்டையில் பட்டால் மிஷின் எகிறும். முதலில் ஒரு கம்பால் தட்டிக்கொண்டே நடந்து உடைந்த பாட்டில், கல் எல்லாம் பொறுக்குங்கள். அந்தச் சத்தத்தில் விரியனும் ஒதுங்கும். புல்லைத் தரையோடு சிரைக்காமல் நான்கு விரல் விடுங்கள், கரையைப் பிடித்திருப்பது அந்த வேர்தான். வெட்டியதை வாய்க்காலில் தள்ளினால் அடுத்த மதகில் போய் அடைத்து, கடைமடைக்காரர் வயலுக்குத் தண்ணீர் ஏறாது. கரையில் நிற்கும் மரம் அரசு மரம், அனுமதியில்லாமல் அதில் ரம்பம் வைக்காதீர்கள்.

கழித்த கிளிரிசிடியா, பூவரசுத் தழையைச் சம்பாவுக்கு உழும்போது சேற்றில் மிதித்துவிடுகிறோம். ஆடு தின்றது போக மீதிதான்.

வேலை முடிந்ததும் செயின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்துங்கள். சூட்டில் இறுக்கியது ஆறும்போது சுருங்கிப் பாரைப் பிடித்துவிடும். சீவல்போல வராமல் மாவாகத் தூள் வந்தால் பல் மழுங்கிவிட்டது. என் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருட்டரம். உள்ளிருந்து வெளியே, ஒவ்வொரு பல்லுக்கும் மூன்றே இழுப்பு, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. எண்ணிக்கை மாறினால் ரம்பம் ஒருபக்கமாக இழுக்கும். ஏர் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்து, கியர் பாக்ஸில் கிரீஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புரட்டாசிக் கடைசியில் டேங்கைக் காலிசெய்து, கார்பரேட்டரில் இருப்பதும் எரிந்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பாருக்கு உறை மாட்டிப் பரணில் ஏற்றிவிடுவேன்.