உடங்காட்டில் கருப்பட்டித் தூண்டில்: பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியைப் பார்ப்பது எப்படி

வெள்ளை வேட்டியைத் திரைபோலக் கட்டி விளக்கு போட்டு விடியவிடிய உட்கார்ந்தாலும் யூடோசிமா மெட்டர்னா வருவது அரிது. இந்த அந்துப்பூச்சிக்கு வெளிச்சத்தில் அவ்வளவு நாட்டமில்லை, வாசனைக்குத்தான் வரும். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம், தேவிபட்டினம் பக்கம், உடைமரங்கள் நிறைந்த உடங்காட்டிலோ பனங்காட்டிலோ தேடுவதென்றால் முதலில் சீந்தில்கொடி இருக்கும் இடத்தைப் பிடியுங்கள். புழு தின்பது அதைத்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கொடி துளிர்த்ததும், கடிபட்ட இலைகளுக்கு அடியில் பகலிலேயே பாருங்கள். புழுவுக்கு உடம்பின் பக்கவாட்டில் கண் போன்ற புள்ளிகள் இருக்கும். தொட்டால் தலையை மடக்கிப் பின்பகுதியைத் தூக்கிக்கொள்ளும்.

தூண்டிலுக்குக் கால் கிலோ கருப்பட்டியை 200 மில்லி தண்ணீரில் பாகாகக் காய்ச்சி, நன்றாக ஆறவிடுங்கள். கறுத்துக் கனிந்த வாழைப்பழம் இரண்டைப் பிசைந்து சேர்த்து, ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவுங்கள். சூடாக இருக்கும்போதே தூவினால் ஈஸ்ட் செத்துவிடும், பாகு புளிக்காது. தண்ணீருக்குப் பதில் பதநீர் ஊற்றலாமே என்று தோன்றும், வேண்டாம். பதநீர் இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதே அது புளிக்காமல் இருக்கத்தான். பாட்டில் மூடியை இறுக்காமல் இரண்டு நாள் வையுங்கள். இறுக்கினால் வெடிக்கும்.

பழைய பருத்தி வேட்டியை இரண்டு விரல் அகலத்தில், முழ நீளத்துக்குக் கிழித்து, பாகில் ஊறப்போட்டு, அந்தி சாயும் முன் நெஞ்சு உயரக் கிளையில் தொங்கவிடுங்கள். கட்டும் நூலில் கிரீஸ் தடவாவிட்டால் அரை மணி நேரத்தில் துணி முழுக்க எறும்புதான். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் துணி சீக்கிரம் காய்ந்துபோகும். காற்று மறைவான பக்கம் கட்டி, இடையில் ஒருமுறை மறுபடி நனையுங்கள்.

இருட்டிய முதல் மூன்று மணி நேரம் முக்கியம். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி, சற்றுத் தள்ளி நின்றே அடியுங்கள். அந்துவின் கண்கள் கங்குபோல மின்னும். உட்கார்ந்திருக்கும்போது முன்சிறகு வெறும் சருகுதான். சிறகை விரித்தால் ஆரஞ்சு நிறப் பின்சிறகும், கறுப்பு விளிம்பும், நடுவே வட்டக் கரும்புள்ளியும் தெரியும். புள்ளி வட்டமாக இல்லாமல் பிறைபோல வளைந்திருந்தால் அது இதன் உறவுக்கார இனமான யூடோசிமா ஃபலோனியா.

செருப்பு போதாது, பூட்ஸ் போடுங்கள். மணல்காட்டில் சுருட்டை விரியன் உண்டு. காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. திரும்பும்போது துணிகளை அவிழ்த்து எடுத்துவந்துவிடுங்கள். விட்டுவந்தால் விடிந்ததும் குளவி மொய்க்கும்.